வாசலுக்கு மேலே தெரு

மேலை நாட்டு வீடுகள் பலவற்றில் தரைக்குக் கீழே ஓர் அறை உண்டு என்பதை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் உலையும், பழைய தட்டுமுட்டுச் சாமான்களும், சில வீடுகளில் பிள்ளைகளின் படிப்பறையும் அங்கே இருக்கும். பள்ளத்தில் இருப்பதால், மழைக்காலத்திலும் பனி உருகும் காலத்திலும் சுற்றியுள்ள மண்ணின் ஈரம் சுவர் வழியே கசிந்து அந்த அறைக்குள் புகும். ஆகையால் அறையின் ஒரு மூலையில் குழி வெட்டி, வருகின்ற நீரெல்லாம் அக்குழியில் சேருமாறு செய்து, குழிக்குள் ஒரு பம்பை இறக்கி வைப்பார்கள். நீர் ஓர் அளவுக்கு ஏறியதும் பம்ப் தானே ஓடும். நீரை வெளியே தள்ளிவிட்டுத் தானே நிற்கும். அந்தக் குழிக்குத்தான் சம்ப் என்று பெயர்.

சம்ப் என்னும் சொல் நமக்கும் புதியதன்று. ஆனால் நாம் அதன் பொருளைத் தலைகீழாக்கிவிட்டோம். நமக்குச் சம்ப் என்றால் குடிநீரைச் சேர்த்து வைக்கும் தரையடித் தொட்டி. அவர்களுக்கோ வேண்டாத நீரைப் பிடித்து வெளியேற்றும் குழி. வட ஐரோப்பியப் பழைய மொழிகளில் அச்சொல் சதுப்பு நிலத்தைக் குறித்ததாம். அந்தப் பழம்பொருள் நம் வலங்கைமானுக்கு நன்றாகவே பொருந்தும்.

வலங்கைமானில் நிலவறை உள்ள வீடு எது என்று கேட்டால் கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். குடமுருட்டியின் கரையில், நான்கு அடி தோண்டினால் களிமண்ணும் அதற்குக் கீழே ஈரமுமாக இருக்கும் ஊரில் எவர் நிலவறை கட்டுவார்? ஆயினும், தோண்டாமலே நிலவறை பெற்ற வீடுகள் இங்கே பல உண்டு. வீடு கீழே இறங்கவில்லை. தெரு மேலே ஏறிவிட்டது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம் முன்னோர் வீடு கட்டிய முறையை நினைத்துப் பாருங்கள். தெருவிலிருந்து மூன்று படி ஏறித் திண்ணை. திண்ணையிலிருந்து ஒரு படி ஏறி நடை. நடைக்கு அப்பால் கூடம். கூடத்தின் நடுவே வானம் பார்த்த முற்றம். நாற்புறத்து ஓட்டுக் கூரையிலிருந்தும் மழைநீர் அந்த முற்றத்தில்தான் விழும். முற்றத்தின் ஒரு மூலையில் சலதாரை என்னும் துவாரம் இருக்கும். அதன் வழியே நீர் வெளியேறிக் கொல்லைக்கோ தெருவுக்கோ சென்று, குளத்தையோ வடிகாலையோ அடையும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, ஆள் இல்லை. உயரத்திலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது நீரின் இயல்பு. வீட்டை உயரத்தில் வைப்பது மனிதனின் வேலை. இவ்விரண்டையும் அறிந்த கொத்தனார் கட்டிய வீடுகள் அவை.

பிறகு தார்ச்சாலை வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய சாலையின் மேலேயே புதிதாக ஜல்லியும் தாரும் போட்டார்கள். ஒரு முறைக்கு இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் என்று ஏறியது. இருபது முப்பது ஆண்டுகளில் திண்ணைக்கு ஏறும் படிகள் ஒவ்வொன்றாகச் சாலைக்குள் புதைந்தன. தமிழகத்தின் நகரங்கள் அனைத்திலும் நடந்ததுதான் இது. 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அவர்கள், பழைய சாலையின் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. ஆனால் ஏற்கெனவே ஏறிவிட்ட உயரம் உத்தரவினால் இறங்கிவிடாதே! வசதியுள்ளவர்கள், வரிசையாக ஜாக்கிகளை வைத்து வீட்டையே அடித்தளத்திலிருந்து பெயர்த்து மூன்றடி நான்கடி தூக்கிக்கொள்கிறார்கள். அதற்கு லட்சக்கணக்கில் செலவு பிடிக்கும். மற்றவர்கள் வாசலில் ஒன்றரை அடிக்குச் செங்கல் தடுப்புக் கட்டி, அதைத் தாண்டித் தாண்டி வீட்டுக்குள் இறங்குகிறார்கள்.

அப்படிப்பட்ட வீடு ஒன்று நான் அடிக்கடி செல்லும் தெருவின் கோடியில் இருக்கிறது. வயது எழுபத்தைந்தைத் தாண்டிய ஓர் அம்மாள் தனியே வாழ்கிறார். முதன்முறை நான் அங்கே சென்றபோது, "பார்த்து இறங்குங்க சாமி" என்றார் வாசலில் நின்று. பிறகு தாமே சொன்னார்: "மூணு படி ஏறித்தான் சாமி இந்த வீட்டுக்கு வாழ வந்தேன். இப்ப ரெண்டு படி இறங்கி வர்றேன். வீடு என்னமோ இருந்த எடத்துலதான் இருக்கு."

மழை பெய்தால் அந்த வீட்டுக்கு மூன்று வழியாக நீர் வரும். ஒன்று முற்றத்தில் நேரே விழுவது. இரண்டாவது, தெருநீர் சலதாரை வழியே பின்னோக்கி வருவது. எந்தத் துவாரம் நீரை வெளியேற்ற வைக்கப்பட்டதோ, அதே துவாரம் தெரு உயர்ந்தபின் நீரை உள்ளே கொணரும் வாயாகிவிட்டது. மூன்றாவதுதான் பொல்லாதது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறும் வாய்க்கால்களும் நிறைந்து ஓட, வயல்களில் சம்பா நீரில் நிற்க, நிலத்தடி நீர் மட்டம் ஏறி வீட்டுத் தரையின் இடுக்குகள் வழியே மெல்ல ஊறும். இதற்கு வாசல் தடுப்பு எதுவும் செய்யாது.

2020 திசம்பரில் புரவிப் புயலை ஒட்டி டெல்டா மாவட்டங்களில் நாள்கணக்கில் மழை கொட்டிற்று. அதன்பின் திருப்பூரில் வேலை பார்க்கும் அம்மாளின் மகன் வந்து, முற்றத்தின் மூலையில் குழி வெட்டி அரைக் குதிரைத்திறன் பம்ப் ஒன்றை இறக்கிக் கொடுத்துவிட்டுச் சென்றார். மகனின் கடமையைக் குறை கூற இடமில்லை. ஆனால் பம்பை வாங்கிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது ஆண்டு முழுவதும் உள்ள வேலை. அடுத்த மழைக்காலத்தில், நள்ளிரவில், நீர் முற்றத்தை நிறைத்துக் கூடத்தைத் தொட்டபோது பம்ப் ஓடவில்லை. அம்மாள் இருட்டில் குண்டானால் நீரை மொண்டு மொண்டு வாசலுக்கு வெளியே ஊற்றியிருக்கிறார். வெளியே ஊற்றிய நீர் சலதாரை வழியே திரும்பி வந்ததை அவர் அறியவில்லை. மின் இணைப்புப் பலகை முழங்கால் உயரத்தில் இருந்தது. விடியற்காலை கதவைத் தட்டிய அண்டை வீட்டுப் பையன் முதலில் மெயினை அணைத்துவிட்டுப் பிறகு உள்ளே இறங்கினான். அந்தப் பிள்ளைக்கு அந்த அறிவு இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எழுதவும் கை கூசுகிறது. ஒரு மூட்டை அரிசியும், மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த தகரப் பெட்டியும், கணவர் நினைவாக வைத்திருந்த சில பொருள்களும் நீரில் போயின.

கடைத்தெருவில் மோட்டார் பழுது பார்க்கும் தம்பி ஒருவரை அழைத்துச் சென்று பம்பை வெளியே எடுக்கச் சொன்னோம். பம்பில் ஒரு பழுதும் இல்லை. நீர் ஏறியதும் மிதந்து உயர்ந்து மோட்டாரை ஓடவிடும் பந்து ஒன்று ஒயரின் நுனியில் தொங்குமல்லவா? அந்த ஒயர் குழாயைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. பந்து மேலே வர வழியில்லை. பம்பின் அடிவாயில் ஒரு பாலிதீன் பை. அவ்வளவே. "ஓடித் தேய்ஞ்சு கெடுற மோட்டாரு கொஞ்சம்தான் சாமி. ஓடாம கெடந்து கெடுறதுதான் அதிகம்" என்றார் அந்தத் தம்பி. பதினொரு மாதம் உறங்கிவிட்டுப் பன்னிரண்டாம் மாதம் நள்ளிரவில் எழுந்து உழைக்க வேண்டிய வேலைக்காரனை நாம் இடையிடையே எழுப்பிப் பார்ப்பதில்லை.

இனி அந்தத் தம்பியிடம் கேட்டும், பல வீடுகளில் பார்த்தும் நான் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். இது பங்குத்தந்தை எழுத வேண்டிய பொருளா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். கார்த்திகை இரவில் கூடத்தில் நீர் ஏறும்போது அவர்களே முதலில் தொலைபேசியில் அழைப்பது எங்களைத்தான் என்பதால், முன்னதாகவே எழுதிவிடுவது இருவருக்கும் நன்று.

குழியிலிருந்து தொடங்குவோம். கிணற்றுக்கு இறக்குவது போன்ற சிமெண்டு உறைகள் இரண்டு, இரண்டரை அடி அகலத்தில் இறக்கினால் ஒரு வீட்டுக்குப் போதும். அடியில் ஒரு சாண் உயரம் ஜல்லி பரப்ப வேண்டும். பம்பை ஜல்லியின்மீது நேரே வைக்காமல் இரண்டு செங்கற்களின்மேல் நிறுத்த வேண்டும்; இல்லாவிடில் ஆண்டுதோறும் சேரும் வண்டலில் அதன் வாய் புதைந்துவிடும். பம்பைச் சுற்றித் துளையிட்ட பழைய பிளாஸ்டிக் கூடை ஒன்றைக் கவிழ்த்தால் இலையும் பையும் வாயை அடைக்கா. ஆனால் மிதக்கும் பந்து அக்கூடையில் முட்டாமல் எழவும் விழவும் இடம் விட வேண்டும். குழிக்கு மூடி கட்டாயம் தேவை. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைக் கூறவும் வேண்டுமோ?

பம்ப் எது என்பதிலும் கவனம் தேவை. நம் கடைகளில் எளிதில் கிடைப்பவை கிணற்று நீரை ஏற்றும் பம்புகள். அவை தெளிந்த நீருக்காகச் செய்யப்பட்டவை. தெருநீரில் மண்ணும் வைக்கோலும் வரும். சேற்று நீரைத் தள்ளுவதற்கென்றே தனிப் பம்ப் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். எதுவானாலும் அதை மின் ஒயரைப் பிடித்துத் தூக்கவோ இறக்கவோ கூடாது. ஒயர் நுழையும் இடத்தில் இடைவெளி விழுந்தால் நீர் மோட்டாருக்குள் புகும். நைலான் கயிறு ஒன்றைக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள்.

பம்பிலிருந்து மேலேறும் குழாயில், போன நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்று இருத்தல் அவசியம். அது இல்லையேல், பம்ப் நின்றதும் குழாயிலுள்ள நீர் முழுவதும் குழிக்குள் விழும். உடனே பந்து எழும். பம்ப் மறுபடி ஓடும். இப்படி ஓடியும் நின்றுமே மோட்டார் சூடேறிக் கெடும். வால்வுக்குக் கீழே, குழிக்குள் அடங்கும் இடத்தில், குழாயில் ஒரு சிறு துளை போட வேண்டும் என்றார் தம்பி. எனக்கு இது முதலில் விளங்கவில்லை. பல மாதம் வறண்டு கிடந்த பம்பில் காற்று அடைத்துக்கொள்ளுமாம். மேலே வால்வு மூடியிருப்பதால் அக்காற்று வெளியேற வழியின்றி, பம்ப் சுற்றியும் நீரைப் பிடிக்காதாம். அரிசி முனையளவு துளை ஒன்று அதற்கு மருந்து. இத்தகைய சிறு விவரம் புத்தகத்தைவிடக் கைத்தொழில் செய்வோரிடமே கிடைக்கிறது.

சலதாரைக்கும் ஏறக்குறைய அதே வைத்தியம்தான். வெளியே மட்டும் திறக்கும் மடிப்பு மூடி ஒன்றை அதன் வெளிவாயில் பொருத்தினால், உள்நீர் போகும், தெருநீர் வராது. ஆனால் மடிப்பில் ஒரு குச்சி சிக்கினாலும் மூடி மூடாது. மழைக்கு முன் கையால் தூக்கிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

எப்போது சோதிப்பது? நாள் குறிக்காத வேலை நடவாது. வேளாங்கண்ணித் திருவிழாக் கொடி செப்டம்பர் 8-ஆம் நாள் இறங்குகிறதல்லவா? நடைப்பயணம் சென்றவர்கள் திரும்பி வந்து கால்வலி தீர்ந்த முதல் சனிக்கிழமை குழியைத் திறந்து வண்டலை வாருங்கள். பிறகு குழியில் வாளி வாளியாக நீரை ஊற்றிப் பந்து எழுகிறதா, பம்ப் ஓடுகிறதா, நீர் வெளிமுனையில் வருகிறதா, வற்றியதும் தானே நிற்கிறதா என்று பாருங்கள். கல்லறைத் திருநாளையொட்டி மீண்டும் ஒருமுறை. நீரின்றிப் பம்பை ஓட்டிப் பார்ப்பது சோதனை அன்று. அதன் உள்ளே உள்ள அடைப்பான் தேய்ந்து கருகிவிடும். மோட்டார் உறுமுகிறது ஆனால் சுற்றவில்லை என்றால், உடனே அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னரே அருகில் செல்லுங்கள். பெரும்பாலும் உள்ளே ஏதேனும் சிக்கியிருக்கும், அல்லது கண்டென்சர் போயிருக்கும். கண்டென்சர் மாற்றுவது சிறு செலவுதான். செப்டம்பரில் தெரிந்தால் சிறு செலவு; நவம்பரில் தெரிந்தால் கடையே திறந்திராது.

மின்சாரத்தைப் பற்றி ஒரே வார்த்தை, ஆனால் கண்டிப்பான வார்த்தை. பிளக்கும் சுவிட்சும் தோள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். மின்கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்று மெயின் பெட்டியில் இருக்க வேண்டும்; அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பம்ப் ஓடும் நீரில் எவரும் கால் வைக்கலாகாது. புதுதில்லியில் 2024 சூலை 27 அன்று ஒரு பயிற்சி நிலையத்தின் நிலவறை நூலகத்தில் மழைநீர் புகுந்து மாணவர் மூவர் உயிரிழந்ததைச் செய்தித்தாள்களில் படித்தோம். பள்ளத்தில் இருக்கும் அறைக்குள் நீர் வரும் வேகத்தை நாம் எப்போதும் குறைத்தே எண்ணுகிறோம்.

அந்த அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,000 சதுர அடி இடத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 9,300 லிட்டர். நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளும் பம்ப் அதை வெளியேற்ற ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும். இது எளிது. ஆனால் 2008 நவம்பரில் நிசா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. அளவுக்கு மழை பெய்தது. அதே 1,000 சதுர அடிக்கு 61,000 லிட்டருக்கு மேல்! பத்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் ஓடினால்தான் பம்ப் ஈடுகொடுக்கும். அதுவும் வீட்டின்மேல் விழுந்த நீருக்கு மட்டும். தெருவிலிருந்து வருவதற்கும் தரையில் ஊறுவதற்கும் கணக்கு வேறு.

பத்து மணி நேரம் மின்சாரம் இருக்குமா என்பது அடுத்த கேள்வி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது நம் பக்கத்து மாவட்டங்களில் ஆயிரமாயிரம் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல சிற்றூர்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை. விளக்குக்கும் விசிறிக்கும் வாங்கிய இன்வெர்ட்டர் பம்பை ஓட்டும் என்று நம்பிவிடாதீர்கள். மோட்டார் சுற்றத் தொடங்கும் கணத்தில் வழக்கமான அளவைப் போலப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் அப்போதே கைவிரித்துவிடும். வாங்கும்போதே பம்பின் திறனைச் சொல்லிக் கேளுங்கள். வயலுக்கு வைத்திருக்கும் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்து இறைப்போர் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மழைக்கு ஒதுங்கட்டும் என்று அதை நடையிலோ கூடத்திலோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். வெளியே வைத்து, அதற்கு ஒரு தகரக் கூரை போடுங்கள்.

மின்சாரமும் இல்லை, எஞ்சினும் இல்லை என்றால்? என் சிறுவயதில் வயலில் இருவர் எதிரெதிரே நின்று இறைகூடையைக் கயிற்றால் வீசி நீரை வரப்புக்கு அப்பால் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளமும் அதற்கேற்ற பாட்டும் இன்று இல்லை. கூடை இருந்தாலும் வீசத் தெரிந்த இருவரைக் காண்பது அரிது. இருக்கட்டும்.

நம்முடைய மற்றைச் சம்பையும், அதாவது குடிநீர்த் தொட்டியையும், மழைக்காலத்தில் மறந்துவிடக் கூடாது. நிலம் ஊறியிருக்கும்போது தொட்டியைக் காலியாக வைத்தால், அடியிலிருந்து நிலத்தடி நீர் அதை மேல்நோக்கி உந்தும். காலித் தொட்டி படகுபோல மிதக்கப் பார்க்கும். அடித்தளம் விரிசல் விடும். ஆகவே மழைக்கு முன்னரே நிரப்பி, மூடியின் விளிம்பைச் சுற்றிக் களிமண்ணோ சிமெண்டோ பூசிவிட வேண்டும். வெள்ளநீர் உள்ளே புகுந்துவிட்டால், நிலம் வடிந்த பிறகே காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். புதுநீர் நிரப்பியதும் 1,000 லிட்டருக்கு நான்கு கிராம் வீதம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிந்த நீரை விட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிப்பதைக் காய்ச்சியே குடியுங்கள்.

இவ்வளவும் ஒரு வீட்டுக்குள் நடக்கும் வேலை. இதைச் செய்து முடித்தவர் நிம்மதியாக உறங்கலாம் என்றுதான் நானும் எண்ணியிருப்பேன், அந்தத் தெருவில் நடந்த ஒரு சண்டையைப் பார்த்திராவிட்டால்.

அம்மாளின் வீட்டுக்கு எதிரே சற்று மேட்டில் உள்ள குடும்பத்தார் ஒரு குதிரைத்திறன் பம்ப் வாங்கினார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார்கள். மழை வந்தது, பம்ப் ஓடியது, அவர்கள் கூடம் காய்ந்திருந்தது. அவர்கள் குழாயின் வெளிமுனை தெருவில் இருந்தது. தெரு சரிவது கோடியை நோக்கி. கோடியில் இருப்பது அம்மாளின் வீடு. ஒரு வீட்டுப் பம்ப் தள்ளிய நீரை இன்னொரு வீட்டுப் பம்ப் வாங்கி மறுபடி தெருவில் தள்ள, அது மீண்டும் சுற்றி வர, இரவு முழுவதும் இரண்டு மோட்டார்களும் ஒரே நீரை இறைத்துக்கொண்டிருந்தன! காலையில் பேச்சு வளர்ந்தது. அம்மாளுக்காக அண்டை வீட்டார் பேசினார்கள், எதிர் வீட்டார், "எங்க வீட்டுக்குள்ள தண்ணிய வச்சுக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?" என்றார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். ஞாயிறுதோறும் ஒரே வரிசையில் அமரும் இரு குடும்பங்கள் இரண்டு மாதம் கோவிலின் இரு பக்கங்களில் அமர்ந்தன.

பம்ப் நீரை இடம் மாற்றும், இல்லாமற் செய்யாது. இது சிறு பிள்ளைக்கும் தெரிந்த உண்மை. ஆனால் நம் வீட்டு வாசலைத் தாண்டியதும் நீர் மறைந்துவிடுகிறது என்று எண்ணுவது நமக்கு வசதியாக இருக்கிறது. தெருவில் மிகத் தாழ்ந்த வீடு எதுவோ அதுவே அத்தெருவின் சம்ப். அந்த வீட்டில் இருப்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் உயர்த்திக் கட்ட வசதியில்லாதவராகவே இருப்பார்.

கேரளத்துக் குட்டநாட்டை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அங்கே கடல் மட்டத்துக்கும் கீழான நிலத்தில் நெல் விளைகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் அதை உலக வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. பாடசேகரம் எனப்படும் ஒரு பெரு வயல்தொகுதியைச் சுற்றிக் கரை கட்டி, உள்ளே நிற்கும் நீரைக் கரைக்கு அப்பால் ஆற்றில் இறைத்த பிறகே விதைப்பார்கள். இறைக்கும் கருவிக்குப் பெட்டியும் பறையும் என்று பெயர். நிமிர்ந்து நிற்கும் உருளை பறை. நீரை வெளியே கொண்டுசெல்லும் நீண்ட மரக்கால்வாய் பெட்டி. முன்பு நீராவியாலும் எண்ணெயாலும் ஓடியது, இப்போது மின்சாரத்தால் ஓடுகிறது. என் மனத்தைக் கவர்ந்தது கருவி அன்று. ஒருவர் தம் வயலை மட்டும் இறைத்துக்கொள்ள அங்கே வழியே கிடையாது. பாடசேகரத்தில் நிலம் உள்ள அனைவரும் சேர்ந்து நாள் குறித்து, செலவைப் பங்கிட்டு, ஒரே கருவியால் அனைவர் நிலத்தையும் வடிக்கிறார்கள். நீர் போகும் இடமும் அனைவரும் அறிந்த இடம்.

நம் தெருவிலும் அத்தகைய ஓர் ஏற்பாடு ஏற்பட்டது. பன்னிரண்டு வீட்டாரும் ஒரு மாலை எதிர் வீட்டுத் திண்ணையிலேயே கூடினார்கள். அங்கே கூட வேண்டும் என்று சொன்னவர் அம்மாள்தான். சற்றுக் காரமாகவே பேசினார்கள். முடிவில், பேரூராட்சியின் அனுமதி பெற்று, தெருவின் ஓரமாக நான்கு அங்குலக் குழாய் ஒன்றைப் பின்புறத்து வடிகால் வரை கொண்டுசெல்வது என்றும், பம்ப் உள்ள வீடுகளெல்லாம் அதில்தான் நீரை விடுவது என்றும் ஒப்புக்கொண்டார்கள். அம்மாளிடம் பங்குத்தொகை வாங்கக் கூடாது என்று சிலர் சொல்ல, "நான் மட்டும் எதுக்கு ஓசியில தள்ளணும்?" என்று அவர் கோபித்துக்கொண்டு தம் பங்கைக் கொடுத்தார்.

குழாய் போட்டபின்தான் வடிகாலைப் பார்த்தார்கள். வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டி, ஓட்டம் எங்கே என்றே தெரியவில்லை. நம் பகுதியில் பாசன வாய்க்காலைத் தூர்வார ஆயிரம் குரல் எழும். வடிகாலுக்கு அவ்வளவு குரல் எழுவதில்லை. நீர் வருவது அனைவர் கவலை. போவது எவர் கவலையும் இல்லை. புரட்டாசியில் இரு சனிக்கிழமைகள் தெருவின் இளைஞர்கள் இறங்கித் தங்கள் பகுதியை மட்டும் அரித்தார்கள். அதற்குக் கீழ்ப்பகுதியை அரிக்க இயந்திரம் வேண்டும். அதற்கு மனு கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாம் சீராகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். குடமுருட்டி கரை தொட்டு ஓடும் நாளில் வடிகாலே நிறைந்து நிற்கும். அப்போது குழாயில் தள்ளும் நீர் போக இடமில்லை. அன்றைக்குப் பம்பை அணைத்துவிட்டு, மெயினையும் அணைத்துவிட்டு, பத்திரங்களையும் மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு மேடான பள்ளிக் கட்டடத்துக்குப் போய்விடுவதே அறிவு. எந்த அளவு வந்தால் கிளம்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். வடிகால் மதகின் சுவரில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டிருக்கிறது. நீர் அக்கோட்டைத் தொட்டால், இரவானாலும் பகலானாலும், முதலில் அம்மாளின் கதவைத் தட்டுவது எதிர் வீட்டுப் பெரியவரின் பொறுப்பு. அம்மாளின் வீட்டு மாற்றுச் சாவி இப்போது அவர் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.